இரண்டாவது குவார்ட்டர்பேக்கின் அம்மா

லவோன் ஸ்ட்ராண்ட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பின்வரிசையில் ஒருவன் இன்னொருவனின் தொப்பியைப் பிடுங்கினால், தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் பார்த்தபடி அவள் போடும் ஒரே சத்தத்தில் வண்டி முழுக்க அடங்கிவிடும். இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் அதே தொண்டையோடு எங்கள் கல்லூரி ஸ்டேடியத்துக்கு வருவாள். அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த இருக்கை. எங்களுக்கு முன்வரிசையில் மெர்வின், முடிதிருத்தும் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, கழுத்தில் பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் ஊரான கார்வெல்லில் சோளக்காட்டையும் அந்தக் கல்லூரியையும் விட்டால் பேச வேறு விஷயம் கிடையாது. அதனால் அதன் அமெரிக்க ஃபுட்பால் அணியின் குவார்ட்டர்பேக் யார் என்பது ஊர் முழுக்கக் கவலைப்படுகிற சமாசாரம். ஆளை நசுக்க ஓடிவரும் தடியன்களுக்கு நடுவே நின்று, இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்குப் பந்தை எறிவது என்று முடிவுசெய்ய வேண்டிய பையன் அவன். பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். அவன் தோள் எப்படி, கால் எப்படி, நெஞ்சில் தைரியம் இருக்கிறதா என்றெல்லாம் நாங்கள் மேலே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வோம். அதில் லவோனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு வருடம் ஒரு பையனை அவள் வறுத்தெடுத்த வறுப்பில், முன்வரிசையில் இருந்த அவன் மாமா எழுந்து வேறு இடம் தேடிப் போய்விட்டார்.

பிறகு அவள் மகன் நெல்ஸே அந்த அணியில் சேர்ந்தான். அன்றோடு அவள் வாய் மூடிக்கொண்டது.

நெல்ஸ் இரண்டாவது குவார்ட்டர்பேக். அதாவது முதலாமவனுக்கு ஏதாவது ஆனால் மட்டும் இறங்குவான். மூன்றாம் வருடம் அவனுக்குத்தான் இடம் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, லூயிசியானாவிலிருந்து ரெமி ப்ரூசார்ட் வந்து சேர்ந்தான். ஒல்லியான உடம்பு, நீண்ட கை. அவன் எறிந்தால் பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். கோச் அவனைத்தான் இறக்கினார்.

லவோன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு விடுதியில் கிடந்த அந்தப் பையனை, "ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுல சாப்பிடட்டும்" என்று நெல்ஸிடம் சொல்லி வரவழைத்தாள். அவனுக்காக அவன் ஊர்ச் சாப்பாடான சிவப்புப் பீன்ஸும் சோறும் செய்யக் கற்றுக்கொண்டாள். முதல் தடவை சோறு களியாகிவிட்டது. ரெமி இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "மிஸ் லவோன், பீன்ஸ் பிரமாதம்ங்க" என்றான், தெற்கத்தி மரியாதையோடு. சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி அவள் கணவன் டுவேன் ஒரு வாரம் சிரித்தான்.

முதல் நான்கு ஆட்டமும் ஜெயம். ஐந்தாவதில் ரெமி எறிந்த இரண்டு பந்துகள் எதிரணிக்காரர்கள் கையில் போய் விழுந்தன. தோற்றோம். அந்த வாரம் பெட்ரோல் பங்க், சர்ச் வாசல், மளிகைக்கடை வரிசை என்று எங்கே போனாலும் ஒரே பேச்சு.

"கை நல்ல கைதான். மனசு விட்டுப்போச்சு" என்றார் மெர்வின். "ஒவ்வொரு தடவை எறிஞ்சப்புறமும் கோச் மூஞ்சியைப் பாக்கறான், கவனிச்சியா? அப்படிப் பாக்க ஆரம்பிச்சவன் தேறமாட்டான்."

"ஸ்ட்ராண்ட் பையன் சும்மாதானே உக்காந்திருக்கான், இறக்க வேண்டியதுதானே?" என்றது இன்னொரு குரல். நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "லவோன்கிட்டச் சொல்லிடாதே" என்று வேறு சொன்னது.

சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஊரே அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது. பேருந்தில் ஏறும் பிள்ளைகள்கூட, "நெல்ஸ் அண்ணன் எப்ப ஆடுவாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தன.

அந்த ஞாயிறு ரெமி வந்தான். தட்டில் போட்டதைக் கிளறிக்கொண்டே இருந்தான். "வயிறு சரியில்லையாப்பா?" என்று டுவேன் கேட்டதற்கு, "இல்லைங்க, நல்லாத்தான் இருக்கு" என்றான். நெல்ஸ் அவனை ஆட்டப் பேச்சுக்கு இழுத்துப் பார்த்தான். அவன் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை டால்பி கல்லூரியோடு ஆட்டம். அவர்களிடம் தோற்றால் அடுத்த வருடம் வரை தலைநிமிர முடியாது. மேற்கிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. படியேறும்போது லவோன் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வேற யார்கிட்டயும் சொல்ல முடியல."

"சொல்லுடி."

"போன வாரம் அவன் ரெண்டாவது பந்தைப் பறிகொடுத்தான்ல? எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. எழுந்துக்கப் போனேன். நான் சோறு போட்ட பிள்ளைடி அவன்."

"வா, உக்காரலாம்" என்றேன்.

ஆட்டம் தொடங்கியதிலிருந்தே கோளாறு. ரெமி எறிந்த முதல் பந்து ஓடுகிறவனின் காலடியில் விழுந்தது. அடுத்தது தலைக்கு மேலே பறந்தது. மூன்றாவதைப் பிடிக்க வேண்டியவன் கையிலிருந்தே நழுவவிட்டான். அதற்கும் ரெமிக்குத்தான் திட்டு. டால்பி பதினான்கு புள்ளி எடுத்துவிட்டது. எங்களுக்குச் சைபர். எங்கள் பக்கத்திலிருந்தே ஊளைச் சத்தம் கிளம்பியது. மாணவர்கள் உட்காரும் மூலையில் யாரோ ஆரம்பித்து வைத்தார்கள்: "நெல்ஸ்! நெல்ஸ்!" அது வரிசை வரிசையாக எங்களை நோக்கி வந்தது.

லவோன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மெர்வின் திரும்பினார். "லவோன், உன் மகன் விஷயத்தை விடு. ஆட்டம் தெரிஞ்சவ நீ. சொல்லு, இவனுக்கு என்னதான் ஆச்சு?"

சுற்றியிருந்த அத்தனை தலையும் திரும்பியது. அவள் என்ன சொன்னாலும் அது நெல்ஸின் அம்மா சொன்னதாகத்தான் ஆகும். அவன் மோசம் என்றால் பொறாமை. நல்லவன் என்றால் நடிப்பு.

"யாருக்கு எறியணும்னு அவனுக்குத் தெரியுது, மெர்வ்" என்றாள் மெதுவாக. "எறிஞ்சா நீங்க என்ன சொல்வீங்களோன்னு யோசிக்கறான். அதுக்குள்ள நேரம் போயிடுது."

"அதைத்தானே நானும் சொல்றேன். தைரியம் இல்லேங்கறேன்."

"நாம கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சா வரும்."

"இது ஸ்டேடியமா, சர்ச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்க, சிலர் சிரித்தார்கள். லவோன் திரும்பிப் பார்க்கவில்லை.

இடைவேளை முடிந்து அணி வெளியே வந்தபோது, நெல்ஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓரத்தில் பந்து எறிந்து கையைச் சூடேற்றிக்கொண்டிருந்தான். ஸ்டேடியம் அலறியது. லவோனுக்கு அந்தப் பக்கம் இருந்த டுவேன் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். லவோன் தலையைக் குனிந்துகொண்டாள். "நீ பாத்துச் சொல்லு" என்றாள் என்னிடம்.

நெல்ஸ் நன்றாகவே ஆடினான். நீளமாக எறியும் கை அவனுக்கில்லை. ஆனால் பந்து கைக்கு வந்ததும் தயங்காமல் குட்டை குட்டையாக எறிந்தான். கூட்டம் அவன் பெயரை விடாமல் கத்தியது. ஏழு புள்ளி வந்தது. சிறிது நேரம் கழித்து இன்னும் மூன்று. பதினான்குக்குப் பத்து.

லவோன் மெர்வினின் பைனாகுலரைக் கேட்டு வாங்கினாள். மகனைப் பார்க்கத்தான் என்று நினைத்தேன். ஆனால் அவள் குழாயைத் திருப்பியது மைதானத்தின் ஓரத்துக்கு.

"என்னடி பாக்கற?"

"ரெமிய. நெல்ஸ் வெளிய வர்றப்பல்லாம் அவன்தான் முதல்ல ஓடறான். விரலைக் காட்டி என்னவோ சொல்லிக்குடுக்கறான்." குழாயைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "கடவுளே, எப்படி மனசு வருது இவனுக்கு?"

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருந்தபோது பந்து மறுபடி எங்கள் கைக்கு வந்தது. நெல்ஸ் வலப்பக்கமாக ஓடிக்கொண்டே எறியப் பார்த்தான். டால்பியின் தடியன் ஒருவன் பக்கவாட்டில் வந்து மோதி, முழு எடையோடு அவன்மேல் விழுந்தான். நெல்ஸின் தோள் தரையில் இடித்தது. மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். அவன் எழவில்லை.

காற்றில் கொடிக்கயிறு கம்பத்தில் அடிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

டுவேன் படிகளில் தாவி இறங்கிக்கொண்டிருந்தான். லவோனும் பைனாகுலரை மெர்வின் கையில் திணித்துவிட்டு எழுந்தாள். கீழே மருத்துவர்கள் குனிந்திருந்தார்கள். பிறகு நெல்ஸை மெல்ல உட்கார வைத்து எழுப்பினார்கள். வலது கை மார்போடு ஒட்டித் தொங்கியது. இடது கையை மட்டும் எங்கள் பக்கமாகத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தான். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் ஓயும் முன்பே, ரெமி மைதானத்துக்குள் ஓடிவருவதைப் பார்த்தவர்கள் முனக ஆரம்பித்தார்கள்.

"போச்சு" என்றார் மெர்வின். "அவ்வளவுதான்."

லவோன் படியில் ஒரு காலும் வரிசையில் ஒரு காலுமாக நின்றாள். கீழே மகனைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவள் இறங்கித்தான் ஆகவேண்டும். இறங்கவில்லை. வாயருகே இரண்டு கைகளையும் குவித்தாள்.

"ரெமி! யோசிக்காதடா! எறிடா!"

மூன்று வருடமாக அடக்கிவைத்திருந்த தொண்டை. எங்கள் வரிசையில் ஒருவர் காபியைக் கொட்டிக்கொண்டார். அத்தனை தூரத்தில் ஹெல்மெட்டுக்குள் இருந்தவனுக்குக் கேட்டிருக்குமா என்று தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வரிசையில் யாரும் முனகவில்லை. மகன் அடிபட்டிருக்க அந்தப் பையனுக்காக ஒருத்தி கத்தும்போது, எந்த முகத்தோடு முனகுவது? மெர்வின்தான் முதலில் எழுந்தார். பிறகு நாங்கள் எல்லோரும்.

"போ, நீ நெல்ஸைப் பாரு" என்று அவளைத் தள்ளினேன். "நான் இருக்கேன்."

அவள் இறங்கி ஓடினாள்.

அதற்குப் பின் நடந்ததை அவள் பார்க்கவில்லை; நான் பார்த்தேன். ரெமி எறிந்த முதல் பந்து நேராக ஆள் நெஞ்சுக்குப் போனது. அடுத்ததும் அப்படியே. ஒரு தடவைகூட கோச்சின் முகத்தைப் பார்க்கவில்லை. மைதானத்தின் பாதியைக் கடந்துவிட்டார்கள். கடைசி வாய்ப்பு. நொடிகள் கரைந்துகொண்டிருந்தன. இரண்டு பேர் அவன்மேல் பாய்ந்துவரும்போது, எதிர்காற்றில், தூரத்து மூலையைப் பார்த்து எறிந்தான்; அங்கே பிடித்துவிட்டால் ஜெயம். பந்து இருவர் கைகளுக்கு நடுவே நுழைந்து எங்கள் ஆள் விரலில் போய் ஒட்டியது. நாங்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அப்போது நடுவர் ஓடிவந்து கையை வீசினார். பிடித்தவனின் கால் எல்லைக்கோட்டில் பட்டிருந்தது. செல்லாது.

தோற்றோம்.

மெர்வின் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் நின்றார். "எறிஞ்சது சரியாத்தான் எறிஞ்சான்" என்றார் கடைசியில். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நெல்ஸுக்குத் தோள்பட்டைக்கு முன்னால் இருக்கிற எலும்பு இரண்டாக உடைந்திருப்பதாகச் சொன்னார்கள். தகடு வைக்க வேண்டும். இந்த வருட ஆட்டம் முடிந்தது. கட்டிலருகே லவோனும் டுவேனும் உட்கார்ந்திருந்தார்கள். ரெமி குளித்து வந்திருந்தான். காதோரத்தில் மட்டும் புல் ஒட்டியிருந்தது.

"என்னடா ஆச்சு?" என்றான் நெல்ஸ், மருந்து மயக்கத்தில்.

"தோத்துட்டோம்."

"எப்படி?"

"பிடிச்சுட்டான்டா. கால் கோட்டுல பட்டிருச்சு."

"எவ்வளவு?"

ரெமி இரண்டு விரல்களைச் சேர்த்து, அவ்வளவு அகலம்தான் என்று காட்டினான். நெல்ஸ் சிரிக்கப் போய் வலியில் முகத்தைச் சுளித்தான்.

அப்போது லவோன், யாரும் கேட்காமலே, ரெமியைப் பார்த்துச் சொன்னாள்: "போன வாரம் நீ பந்தைப் பறிகொடுத்தப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுப்பா. உன்கிட்டச் சொல்லாம இருக்க முடியல."

டுவேன் தரையைப் பார்த்தான். நெல்ஸ் கண்ணை மூடிக்கொண்டான். ரெமி மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும், மிஸ் லவோன்" என்றான். "அன்னைக்கி சாப்பிடறப்பவே உங்க முகத்துல தெரிஞ்சுது. எங்கம்மாவா இருந்தா எழுந்து டான்ஸே ஆடியிருப்பாங்க."

லவோன் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். ரெமிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஜன்னலோரம் இருந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

எலும்பு வசந்தத்தில் கூடிவிட்டது. ஆனால் நெல்ஸின் கை பழையபடி தோளுக்கு மேலே எழவில்லை. அவன் திரும்ப ஆடவே இல்லை. கோச்சுக்கு உதவியாக ஒரு வருடம் ஓரத்தில் நின்று படிப்பை முடித்தான். இப்போது பக்கத்து மாவட்டத்து உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், அங்கே பையன்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறான். ரெமி இன்னும் இரண்டு வருடம் ஆடினான். ஜெயித்ததும் உண்டு, தோற்றதும் உண்டு. தொழில்முறை அணி எதுவும் அவனை எடுக்கவில்லை. லூயிசியானாவுக்கே திரும்பிப் படகு எஞ்சின் விற்கிறான்.

லவோன் இன்னும் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறாள். இந்த வருடம் புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான், முதல் வருடம், கன்னத்தில் இன்னும் பரு போகவில்லை. போன சனிக்கிழமை அவன் எறிந்த பந்து வெளியே போனபோது, எங்களுக்குப் பின்னால் ஒருவர் அவன் தைரியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். லவோன் திரும்பி, கடலைப் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தாள்.

"சாப்பிடுங்க" என்றாள். "வாய்க்கு வேலை இருக்கட்டும்."