முழங்கால் உயரம்

சுவரில் தொங்கும் டாய்லெட்டைப் பொருத்துகிறவனுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். இரும்புச் சட்டத்தைச் சுவருக்குள் நிறுத்தி டைல்ஸ் ஒட்டிவிட்டால், பிறகு அரை அங்குலம் ஏற்றவோ இறக்கவோ சுவரைத்தான் உடைக்க வேண்டும். என்னைப் போல அடுத்தவர் குளியலறையில் முட்டி தேய்ந்த சகோதரர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். சிங்கப்பூருக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் என் உயரத்துக்கு வைத்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து, வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் உட்காரவைத்து, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை டேப் பிடித்த பிறகே சுவரைத் தொடுவேன்.

மன்னார்குடியில் நாங்கள் கட்டும் வீட்டிலும் இதே டாய்லெட்தான் என்று என் மனைவி செல்வியிடம் சொல்லியிருந்தேன். அவளை நேரில் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது.

கிளமெண்டியில் ஒரு சண்டை

கதவைத் திறந்தால் உட்கார்ந்திருப்பவர் முட்டியில் இடிக்கும் குளியலறை அது. தண்ணீர்த் தொட்டியைச் சுவருக்குள் மறைத்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். கணவர் ஆறடி, மனைவி அவர் மார்பளவுதான் இருப்பார். இருவரையும் அளந்தேன். நடுவில் வைக்கலாமா என்று கேட்டது என் தப்பு. யார் உயரத்துக்கு என்று அரைமணி நேரம் வாக்குவாதம். எதிரெதிரே நின்று சண்டை போட முடிகிறதே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. கடைசியில் அந்த அம்மா சிங்கப்பூர்த் தமிழில் முடித்துவைத்தார்.

“மாசத்துல பாதி நாள் அவரு கப்பல்ல இருக்காரு. வீட்டுல இருக்கறவ கால் தரையில படட்டும் லா.”

ஈசூனில் ஒரு நாற்காலி

அடுத்தது ஈசூனில், தேக்கா சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவரின் வீடு. அவர் மனைவி இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து மகள் வீட்டில் இருந்தார். தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அவர் திரும்புவதற்குள் உயரமாக ஒன்று வைக்க வேண்டும். ஆள் இல்லாமல் எப்படி அளப்பது என்று கேட்டேன். பாய் உள்ளே போய் ஒரு சாப்பாட்டு மேசை நாற்காலியைத் தூக்கிவந்தார். வலி வந்த நாளிலிருந்து அந்த அம்மா அதில் மட்டும்தான் உட்காருவாராம். அதன் மேலிருந்த பழைய மெத்தையை எடுத்துவிட்டு டேப்பை வைத்தேன். பாய் மெத்தையை வாங்கித் திரும்பவும் போட்டு, சுருக்கத்தை நீவிவிட்டார்.

“இதையும் சேர்த்து அளங்க தம்பி. இது இல்லாம அவ உக்கார மாட்டா.”

நாற்பத்தேழு சென்டிமீட்டர். அந்த எண் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

மன்னார்குடிக்கு ஒரு எண்

அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது செல்வி வீடியோவில் வந்தாள். கொத்தனார் காத்திருக்கிறாராம், எவ்வளவு உயரம் என்று கேட்டாள். நானும் பெரிய நிபுணன் மாதிரி உடனே நாற்பத்தேழு என்றேன். அவள் செங்கல்லை அந்த உயரத்துக்கு அடுக்கி உட்கார்ந்து, போனைக் கீழே திருப்பிக் காட்டினாள். பாதங்கள் தரையைத் தொடாமல் ஆடின. இது யாருடைய அளவு என்று கேட்டாள்.

ஈசூன் அம்மாவுடையது என்று ஒப்புக்கொண்டேன். செல்வியின் முழங்கால் உயரத்தை எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அவள் தம்பியை விட்டு அளந்து சொல்லச் சொன்னேன். செல்வி செங்கல்லிலிருந்து இறங்கினாள்.

“அங்க எல்லார் வீட்டுக்கும் நேர்ல போய்த்தானே அளக்கறீங்க? நம்ம வீட்டுக்கும் வாங்க. அதுவரைக்கும் சுவரு தொறந்தே இருக்கட்டும்.”

லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் ‘ஒரு இடத்தில் அளவெடுக்க வேண்டியிருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தொழில் விஷயம் என்று நினைத்தாவது முதலாளி கையெழுத்துப் போடுவார்.