தையில் திறந்த யன்னல்

அந்தக் கசெற்றில் ஒருவன் குடையைத் தொலைப்பான். ரயில் நிலையத்தில் தொலைந்த பொருட்களை வைத்திருக்கும் பகுதிக்குப் போய், குடை கறுப்பு, கைப்பிடி மரம், மூன்றாவது பெட்டியில் விட்டுவிட்டேன் என்று சொல்லுவான். எட்டு வருடம் அவன் குடை தொலைத்ததைக் கேட்டிருக்கிறேன். ஒரு தரமாவது கவனமாக வைத்திருக்கக் கூடாதா, மடையா என்று எனக்கு வாய் வரைக்கும் வரும். வீட்டில் கோப்பை கழுவும்போதும் அவன் குரல்தான் காதில் ஓடும்.

தொண்ணூறுகளில், கிழக்கு லண்டனில், பஸ் ஓயாத ஒரு வீதியில், சப்பாத்துக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த தனியார் கல்லூரியில் எனக்கு வேலை. கல்லூரி என்ற பெயர்தான் பெரிது. உள்ளே நான்கு வகுப்பறையும் ஓர் அலுவலக அறையும். சீனாவிலிருந்து உயர்பள்ளி மாணவர்கள், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள், தை மாதத்தில் வந்து இறங்குவார்கள். வந்த வாரமே ஆங்கிலப் பரீட்சை. கசெற்றைக் கேட்டு விடை எழுதும் கேட்டலுக்கு ஒரு தாள், வாசிப்புக்கு ஒரு தாள், ஒவ்வொன்றும் நாற்பது கேள்வி. ஆனியில் அதே பரீட்சை, அதே கசெற் திரும்பவும். நடத்துவதும் திருத்துவதும் நான்.

மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். இங்கே வாயைத் திறக்க விடவில்லை. "உம்மட இங்கிலீஷ் நல்ல இங்கிலீஷ்தான் தங்கச்சி. ஆனா பிள்ளையளின்ர தாய் தேப்பன் வேற சத்தத்துக்குத்தான் அனுப்பியிருக்கினம்" என்றார் கல்லூரியை நடத்திய அண்ணை. ஆகவே பேசுவது கசெற், பொத்தானை அமுக்குவது நான் என்று ஆயிற்று.

அண்ணை கூடப்பிறந்தவர் அல்ல. எங்கள் ஊரவர், என் மகனுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவர். வேலை தந்தார், வீடு எடுக்கக் கவுன்சில் படிவம் நிரப்பித் தந்தார், ஞாயிறு பூசை முடிந்ததும் என் மகனின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் காரில் ஏறுவார். ஒரு நாளும் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், திருப்பிக் கத்தியிருப்பேன்.

என் தம்பியும் அந்தக் கல்லூரியின் மாணவன்தான், ஏட்டில் மட்டும். கணக்கியல் படிப்பதாகப் பதிவு. உண்மையில் அவன் பார்க்கிங் என்ற புறநகரில் எங்கள் வீட்டில் இருந்து, ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்தான். ஒவ்வொரு வருடமும் ஆனியில் அண்ணை ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார்: இவர் எங்கள் மாணவர், வகுப்புக்கு ஒழுங்காக வருகிறார். அதைக் காட்டித்தான் தம்பியின் விசா இன்னொரு வருடத்துக்கு நீளும். அது இல்லாவிட்டால் கொழும்புக்கு விமானம். அந்த நாட்களில் கொழும்பில் அவன் வயதுத் தமிழ்ப் பெடியன்களைப் பொலிஸ்காரர் லொட்ஜ் அறைகளில் இருந்தே அள்ளிக்கொண்டு போனார்கள். போனவர்களில் இரண்டு பேர் அவனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்.

இனி யன்னல். பரீட்சை அறையில் வீதிப் பக்கமாக ஒரே ஒரு யன்னல், மேலே தள்ளித் திறக்கிற பழைய வகை. அதன் கயிறு எப்போதோ அறுந்துவிட்டது. தள்ளிப் பிடித்துக்கொண்டு, கரும்பலகை அழிக்கிற டஸ்டரை நிமிர்த்தி இடையில் முட்டுக்கொடுக்க வேண்டும். யன்னலுக்கு நேர் கீழே பஸ் தரிப்பிடம், பக்கத்தில் சிக்னல் விளக்கு. திறந்தால் நகரம் முழுக்க அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தை மாதத்தில், பிள்ளைகள் மேலங்கியோடு இருந்து, பேனா பிடிக்க விரல் மடங்காமல் ஊதிக்கொண்டிருக்கும்போது, அண்ணை கதவால் எட்டிப் பார்ப்பார். "தங்கச்சி, யன்னலைத் திறந்துவிடும். புதுப் பிள்ளையள், நல்ல காத்து வரட்டும். கசெற்றை ஒருக்காப் போட்டாக் காணும்." ஆனியில், வேர்த்து ஒழுகி விடைத்தாள் முழங்கையில் ஒட்டும்போது திரும்பவும் வருவார். "பூட்டிவிடும். றோட்டுச் சத்தம் பிள்ளையளுக்கு இடைஞ்சல். ரெண்டு தரம் போடும், பாவங்கள்."

முதல் வருடம், மனிதருக்கு இந்த நாட்டுக் காலநிலை இன்னும் பிடிபடவில்லை என்று நினைத்தேன். வீட்டில் கணவருக்குச் சொல்லிச் சிரித்தேன். இரண்டாம் வருடம் திருத்தும்போது சிரிப்பு நின்றுவிட்டது. பெற்றோருக்குப் போகும் அறிக்கையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு தூண் கீறுவோம். தைத் தூண் குட்டை, ஆனித் தூண் நெட்டை. இடையில் இருக்கிற உயரம் கல்லூரியின் கெட்டித்தனம். அந்த உயரத்தில் பாதி டஸ்டரின் கெட்டித்தனம் என்பது அண்ணைக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. வாசிப்புத் தாளில் இந்த வித்தை பலிக்காது. யன்னல் திறந்திருந்தால் கண்ணுக்கு என்ன?

நாலாம் வருடம் தையில் வந்த பிள்ளைகளோடு அவளும் வந்தாள். காது வரைக்கும் வெட்டிய தலைமயிர், யன்னலோரத்து மேசை. நான் கசெற்றைப் போட்டேன். குடைக்காரன் வாயைத் திறப்பதற்கு முன் வரும் முன்னுரை போய்க்கொண்டிருந்தது. அவள் எழும்பினாள், யன்னலை ஒரு கையால் தாங்கி டஸ்டரை இழுத்தாள். யன்னல் தடாலென்று விழுந்தது. பஸ் சத்தம் அப்படியே அறுந்துபோய், வகுப்பு முழுவதும் பெருமூச்சு விட்டது. அவள் டஸ்டரைக் கொண்டுவந்து என் மேசையில் பவ்வியமாக வைத்துவிட்டுத் தன் கதிரையில் போய் இருந்தாள்.

நான் போனேன். யன்னலைத் தூக்கினேன். டஸ்டரை வைத்தேன். காற்று வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வெளியே ஆலங்கட்டி மழை பெய்துகொண்டிருந்தது.

துளை போட்ட அட்டை ஒன்றை விடைத்தாளின் மேல் வைத்துத்தான் திருத்துவோம்; சரியான விடை துளைக்குள் தெரியும். அவளுடைய வாசிப்புத் தாளில் நாற்பதுக்கு முப்பத்தெட்டுத் துளை நிறைந்திருந்தது. கேட்டலில் பதினொன்று. குடையின் நிறத்தை வகுப்பில் ஒருவரும் சரியாக எழுதவில்லை. அந்த இடத்தில் ஒரு அம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனது.

அடுத்த நாள் காலை அவள் பரீட்சை அறை வாசலில் என்னிடம் வந்து நின்றாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுடைய அக்கா வடக்கே லீட்ஸில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிக்கிறார். அங்கே தங்கைக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். கேட்டலில் இருபத்தைந்து எடுத்தால் மாசியிலேயே போய்ச் சேரலாம். இல்லையென்றால் அடுத்த புரட்டாதிதான். அக்கா ஆனியோடு படிப்பை முடித்து ஊருக்கே திரும்பிவிடுவார். இரண்டு வருடமாக அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மாசியில் போனால் ஐந்து மாதம் ஒரே அறையில் இருக்கலாம். ஐந்து என்று விரல்களை விரித்துக் காட்டினாள். பிறகு, யன்னலைப் பூட்டிவிட்டு இன்னொரு தரம் வைப்பீர்களா, ரீச்சர் என்று கேட்டாள்.

நேரே அண்ணையிடம் போனேன். அவ்வளவு தைரியம் எனக்கு இருந்தது என்பதைப் பதிவு செய்துவைக்க விரும்புகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு தைரியம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"இரும் தங்கச்சி" என்றார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "செய்யலாம், ஏன் செய்யேலாது? ஆனா ஒராளுக்குத் திருப்பி வைச்சா மற்றப் பதினாலு பேரும் கேப்பினம். போன வருசத்துப் பிள்ளையளின்ர தாய் தேப்பனும் கேப்பினம். ஏன் யன்னல் திறந்திருந்ததெண்டு ஆரும் கேட்டா நீர் என்ன சொல்லுவீர்? திறந்தது நீர்தானே."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி எப்பிடி, சுகமா இருக்கிறாரோ? ஆனியில அவற்ற கடிதம் வருது, என்ன? ஞாபகப்படுத்தும். எனக்கு இப்ப எல்லாம் மறந்துபோகுது."

தேத்தண்ணியைக் குடித்தேன். நன்றாகத்தான் போட்டிருந்தார். திரும்பிப் போய் அவளிடம், இரண்டாம் தரம் வைப்பது விதியில் இல்லை என்றேன். நன்றி, ரீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அன்று தம்பி வேலை முடிந்து வந்து மீன் குழம்பும் சோறும் போட்டுச் சாப்பிட்டான். "என்னக்கா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டான். "ஒண்டுமில்லை, சாப்பிடு" என்றேன். அவன் ருசித்து, விரலைச் சூப்பிச் சாப்பிட்டதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டைப் பறித்து எறியலாம் போல இருந்தது. அவன் என்ன பாவம் செய்தான்? யன்னலைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் கடிதமே வேண்டாம் என்று சொல்லுகிற பிறவி அவன். அதனால்தான் சொல்லவில்லை.

அந்த ஐந்து மாதமும் அவள் கீழ் வகுப்பில் இருந்து, தனக்குத் தெரிந்த பாடத்தையே திரும்பப் படித்தாள். வெள்ளிக்கிழமைகளில் படிக்கட்டடியில் இருந்த காசு போடும் தொலைபேசியில் அக்காவோடு பேசுவாள். நான் அந்த நேரம் கீழே இறங்காமல், வேலை இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு மேலே இருப்பேன். இறங்க வேறு படியும் இல்லை.

ஆனி வந்தது. அந்த வருடம் அப்படி ஒரு வெக்கை. காலையில் அண்ணை வந்து வழமையான இரண்டு வசனத்தையும் சொன்னார். "தம்பியின்ர கடிதம் ரைப் பண்ணிக் கிடக்கு. பின்னேரம் கையெழுத்து வைச்சுத் தாறன்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சொல்லிவிட்டுப் போனார். நான் யன்னலைப் பூட்டினேன். பதினைந்து பிள்ளைகளும் விடைத்தாளால் விசிறிக்கொண்டு இருந்தார்கள்.

கசெற்றில் கை வைத்தபோது அவள் எழும்பினாள். கரும்பலகையடிக்கு வந்து டஸ்டரை எடுத்துப்போய், யன்னலைத் தூக்கி முட்டுக்கொடுத்தாள். காற்று வந்தது, கூடவே பஸ்ஸும் வந்தது. மற்றப் பிள்ளைகள் சந்தோசத்தில் கை தட்டினார்கள். அவள் திரும்பிப் போய்க் கதிரையில் இருக்கவில்லை. தையில் போலவே இருக்கட்டும், ரீச்சர், ஒரு தரம் மட்டும் போடுங்கள் என்றாள். பிறகு வகுப்பைப் பார்த்துத் தங்கள் மொழியில் இரண்டு வசனம் சொன்னாள். கைதட்டல் நின்றது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கதவின் கண்ணாடியில் விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணை சிரித்த முகத்தோடு நின்று, இரண்டு கையாலும் எதையோ கீழே இழுப்பது போலக் காட்டினார்.

நான் போனேன். அவள் விலகவில்லை, அவளைச் சுற்றிக் கையை நீட்டித்தான் டஸ்டரை எடுக்க வேண்டியிருந்தது. யன்னல் விழுந்தது. கசெற்றை இரண்டு தரம் போட்டேன். முதல் தரத்தில் அவள் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டாள். இரண்டாம் தரம் முழுவதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, பூட்டிய யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்பது.

பதினொன்றில் இருந்து முப்பத்தொன்பது. அவ்வளவு நெட்டைத் தூண் கல்லூரியில் அதற்கு முன் கீறப்படவில்லை. அண்ணைக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அடுத்த வாரமே ஒரு படப்பிடிப்பாளரைக் கூட்டிவந்து, அறிக்கையை எங்கள் கையில் தந்து, "ரீச்சரும் பிள்ளையும் ஒட்டி நில்லுங்கோ" என்றார். அறிக்கையின் ஒரு மூலையை அவள் பிடித்தாள், மறுமூலையை நான் பிடித்தேன். தம்பியின் கடிதம் என் கைப்பையில் இருந்தது.

அவள் கமெராவைப் பார்த்தபடியே, சனிக்கிழமை அக்கா ஊருக்கு விமானம் ஏறிவிட்டார், ரீச்சர் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"தங்கச்சி, கொஞ்சம் சிரியும்" என்றார் அண்ணை.

சிரித்தேன். அந்தப் படத்தைச் சட்டம் போட்டுப் படிக்கட்டுச் சுவரில் மாட்டினார்கள். அதற்குப் பிறகு நான் அங்கே வேலை செய்த நாலு வருடமும் ஏறும்போதும் இறங்கும்போதும் அதைக் கடந்துதான் போனேன். அடுத்த ஆனியில் கடிதத்தை எடுக்கத் தம்பி நேரில் வந்தான். படத்தின் முன்னால் நின்றுவிட்டான்.

"அக்கா, இப்பிடிச் சிரிச்சு நான் உன்னைப் பாத்ததே இல்லை. அந்தப் பிள்ளையில அவ்வளவு விருப்பமோ?"

"ஓம்" என்றேன். "வா, அண்ணை பாத்துக்கொண்டிருக்கிறார்."