பேனா கொடுத்தேன்

எங்கள் துறையில் ஆசிரியர்கள் அதிகம் என்று மேலிடம் கண்டுபிடித்தது. நால்வரில் ஒருவரை மேற்கே ஏதோ ஒரு கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். யார் என்பதைத் துறைத்தலைவர் முடிவு செய்வார்.

என்னால் போக முடியாது. கணவருக்குக் கப்பலில் வேலை, மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்ததே அவளுக்காகத்தான்.

தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "உங்க பேர அனுப்ப மாட்டேன் மேடம். வெளிய சொல்லாதீங்க, மத்தவங்க மனசு கஷ்டப்படும்" என்றார். வயிற்றில் பால் வார்த்த அந்த மனிதர் அன்று எனக்கு நடராஜருக்கு அடுத்தபடியாகத் தெரிந்தார்.

விதிப்படி கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். எங்களில் அவர் பண்ருட்டிக்காரர். பாவம் மனுஷன் என்று அவருடைய காலை வகுப்புகளை நான் எடுத்தேன், விடைத்தாள் கட்டில் பாதியைத் திருத்திக் கொடுத்தேன். அவரோ எனக்கு முந்திரியும் பலாச்சுளையும் கொண்டுவந்து குவித்தார். மற்ற இருவரும் ஒருவருக்கொருவர் டீ வாங்கிக் கொடுத்து உருகினார்கள். ஃபேன் சுவிட்சுக்கு வருஷக்கணக்காகச் சண்டை போட்ட அறை அது. அந்த மாதம் வடலூரில்கூட அவ்வளவு ஜீவகாருண்யம் இருந்திருக்காது.

பிறகு ஆர்டர் வந்தது. அதில் என் பெயர் இருந்தது.

தலைவரிடம் போய் நின்றேன். "உங்க மேல இருக்கற நம்பிக்கையிலதான் மேடம். எங்க போனாலும் சமாளிச்சிடுவீங்க."

"அந்த நம்பிக்கைய வேற யார் மேலயாவது வச்சிருக்கலாமே சார்."

ஏதோ ஜோக் கேட்டதுபோல் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசிரியர் அறைக்குப் போனால், என்னைப் பார்த்ததும் எல்லோருக்கும் திடீரென்று வகுப்பு இருந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பண்ருட்டிக்காரர் மாட்டிக்கொண்டார்.

"என்னயும் அப்பவே கூப்ட்டு, உங்க பேர அனுப்ப மாட்டேன்னாரு மேடம். மத்த ரெண்டு பேர்கிட்டயும் அதேதானாம். நீங்கதான் போறீங்கன்னு நெனச்சேன், பாவமா இருந்திச்சி. அதான் பலாப்பழம்..."

"நானும் அதுக்குத்தான் சார் உங்க பேப்பரத் திருத்துனேன்."

இருவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியதும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "ரூல்படி பாத்தா நான்தான் போவணும். நானே போறேன்னு எழுதிக் குடுத்துடவா மேடம்?"

இப்படி ஒருவர் கேட்டால், 'ஐயோ, அதெல்லாம் வேணாம் சார்' என்று பதறுவதுதான் மரியாதை. அவரும் அதை எதிர்பார்த்துத்தான் கேட்டார். எனக்கு அன்று மரியாதை வரவில்லை, மகள்தான் நினைவுக்கு வந்தாள்.

"எழுதிக் குடுங்க சார்" என்றேன். கைப்பையிலிருந்து பேனாவையும் எடுத்து நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வார்? காகிதம் தேடுவதுபோல் சட்டைப் பையைத் தடவினார். அதற்குள் பண்ருட்டி பஸ் வந்துவிட்டது. "நாளைக்கிக் கண்டிப்பா எழுதிடறேன் மேடம்" என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

நாளையும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது, கடிதம் வரவில்லை. மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, பணி விடுவிப்பு ஆணையில் கையெழுத்துப் போடப் போனேன். கைப்பையில் பேனா இல்லை. தலைவர் தாராளமாகத் தன்னுடையதைக் கொடுத்தார்.