நைனா சிரித்த காட்சி

பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் படமெடுக்க எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பது விதி. செஞ்சிக் கோட்டைக் காவலரான என் நைனா, நேரம் முடிந்தால் பெற்ற மகன் என்னையே வெளியே துரத்துபவர், நான் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் அனுமதியில்லாத பிரெஞ்சு இயக்குநரை உள்ளே விட்டார்.

சென்ற தை மாதம் அந்த இயக்குநரின் வாழ்க்கையைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். முதல் படம் தோல்வி, பிறகு விருதுகள், இப்போதும் படமெடுக்கிறாராம். பழைய கேமரா கிர்ரென்று ஓடும் ஓசையில் கோட்டையின் ராஜகிரி மலையடிவாரத்து அன்றைய வெயில் திரும்பி வந்தது. அன்று இயக்குநர் செய்த ஏதோ சேட்டைக்கு நைனா வாய்விட்டுச் சிரித்தார். வீட்டில் நாங்கள் பார்த்தேயிராத சிரிப்பு அது. கேமரா அதைப் பிடித்துக்கொண்டது.

“நைனா, நானும் அதுல பாக்கறேன்.”

“போடா, வேல நடக்குது.”

அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டுக்குச் சேர வேண்டியது என்று, தொலைக்காட்சியில் பார்த்த மறுநாளே இயக்குநருக்கு எழுதினேன். நோயில் படுக்கையில் கிடந்த நைனாவிடம் சொல்லவில்லை. அந்தக் காட்சியுள்ள படத்துடன் பதில் வந்தது, நைனாவின் கருமாதியன்று.