குதிக்காதவனின் கால்

என் தம்பி பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிவிட்டான் என்று எங்கள் தாராவி சந்து முழுக்கப் பேசியது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவன் ஒரு வாடகை பஸ் கம்பெனியில் டிரைவர். சயானிலிருந்து குர்லா போகும் வழியில், ஸ்டாப்பில் ஜனம் நின்ற இடத்தில், பிரேக் பிடிக்கவில்லை. வண்டியை வலது பக்கம் ஒடித்து மேம்பாலத் தூணில் மோதினான். ஸ்டாப்பில் நின்ற யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே இருந்தவர்களுக்கு நல்ல அடி. காலேஜ் போகும் பெண் ஒருத்திக்கு முன்பற்கள் போய்விட்டன.

பிரேக் இறங்குகிறது என்று காலையில் டிப்போவிலேயே சொல்லியிருக்கிறான். "அரே சலா நா, தோ ஃபேரே மே டீக் ஹோ ஜாயேகா" என்றானாம் சூப்பர்வைசர். இரண்டு டிரிப் ஓடினால் தானாகச் சரியாகிவிடுமாம். பிரேக் என்ன, ஜலதோஷமா?

யாரோ எடுத்த வீடியோவில் காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் முன்வாசல் வழியாகக் குதித்து ஓடுகிறான். அவன் பயணிகளில் ஒருவன், எங்கேயோ வாட்ச்மேனாம். ஆனால் இந்த ஊரில் பஸ் மோதினால் டிரைவர் ஓடுவான், நின்றால் கூட்டம் பின்னிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் ஓடுகிறவன் என் தம்பிதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

என் தம்பி சீட்டிலேயே இருந்தான். அவன் வெறுங்காலோடு ஓட்டுகிறவன். மோதியதில் முன்பக்கம் உள்ளே நசுங்கி, பிரேக்கை மிதித்த வலது கால் பெடலோடு மாட்டிக்கொண்டது. அப்படியே வைத்து அடித்தார்கள். ஓடிப்போனவனை எப்படி அடித்திருக்க முடியும்? அடித்தவர்களில் ஒருவனாவது வாயைத் திறந்தானா?

கால் நிற்குமா என்று ஆஸ்பத்திரியில் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. எதிர்க்கட்டிலில் அதே பஸ்ஸில் வந்த ஒரு பெரியவர், மணிக்கட்டு முறிந்து படுத்திருந்தார். கண் விழித்ததும் என் தம்பியை ஹிந்தியில் திட்டத் தொடங்குவார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வலி அவருடையது, திட்டட்டும் என்று விட்டேன்.

எங்கள் சந்தில் கடை வைத்திருக்கும் அக்கா ஒருத்தி இளநீரோடு பார்க்க வந்தாள். "நல்லவேள ஒன் தம்பி குதிச்சாம்ளா. குதிக்கையில காலு முறிஞ்சா என்ன, உசுருதான முக்கியம்" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டாக்டர் பார்ப்பதற்காகக் கட்டைப் பிரித்து வைத்திருந்தார்கள். போர்வையைத் தூக்கினேன். விரல்கள் கறுத்துக் கிடந்தன. வீங்கிய உள்ளங்காலில் பெடலின் வரிகள் ஒன்றுவிடாமல் பதிந்திருந்தன.

"நல்லாப் பாருங்கக்கா. குதிச்சவன் காலுல பெடல் தடம் எப்படி விழும்?"

வார்டே திரும்பிப் பார்த்தது. பெரியவர் முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் திட்டவில்லை.

"மூடுக்கா. மானத்த வாங்காத" என்றான் தம்பி.

அவன்மேலும் கோபம் வந்தது. மானம் போனது இவனாலா? அதன் பிறகு யார் பார்க்க வரட்டுமா என்று கேட்டாலும், கட்டு மாற்றும் நேரத்துக்கே வரச் சொன்னேன். சொந்தக்காரர்களுக்குக் காட்டினேன். சந்துக்காரர்களுக்குக் காட்டினேன். கம்பெனி ஆள் வந்தபோதும் போர்வையைத் தூக்கினேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, பிரேக்கைப் பற்றி வெளியே பேசவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடைசியில் காலைக் காப்பாற்ற முடியவில்லை. கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் தம்பி போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"வாரவன்கிட்டல்லாம் காலக் காட்டுனியே, இனி என்னத்தக்கா காட்டுவ?" என்றான்.