பளிச்சு அத்தையும் கருவாக்கமும்

என் அத்தையை, அதாவது அப்பாவின் தங்கையை, சோடாக் கம்பெனியில் ‘பளிச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். திரும்பி வரும் காலி பாட்டில்களைக் கழுவுவது அவள் வேலை. கம்பெனி கொடுத்த மெல்லிய பிரஷ், அடியில் வளையமாகப் படிந்த கறையைத் தொடவே தொடாது. அத்தை வீட்டிலிருந்து பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைக் கொண்டுபோய், குச்சி நுனியில் கட்டி, உள்ளே விட்டுக் குடைந்தாள். தினக்கூலியான தன்னை நிரந்தரமாக்க வேண்டும். வேறு ஆசை அவளுக்கு இல்லை.

சூப்பர்வைசர் அவள் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். “பாத்துக் கத்துக்கங்கம்மா. அடுத்து நிரந்தரம்னா பளிச்சுக்குத்தான்.”

பாதிப் பேர் அவளிடம் வந்து நார் கட்டக் கற்றுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் சோடா நிரப்பும் இடத்தில் நுரை பொங்கி வழியத் தொடங்கியது. வெளியிலிருந்து வந்த இன்ஜினியர் ஒரு பாட்டிலை உடைத்து, சில்லை லென்ஸில் பார்த்தார். “உள்ள பூரா கீறல். கருவாக்கம்” என்றார்.

மாலையில் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள். “பன்னெண்டாவது முடிச்சிட்டு சும்மாதானே இருக்கே? அது என்னன்னு சொல்லு.”

சொன்னேன். தண்ணீரில் கரைந்த வாயு அவ்வளவு சுலபத்தில் குமிழியாகாது. தொடங்க ஒரு பிடிமானம் வேண்டும். கீறலில் மாட்டிய துளிக் காற்று போதும், வாயு அதில் வந்து சேரும். அந்தத் தொடக்கம்தான் கரு. அது உண்டாவது கருவாக்கம். மேகத்தில் தூசியைப் பற்றி நீர்த்துளி உண்டாவதற்கும், பாகில் தொங்கும் நூலில் கற்கண்டு பிடிப்பதற்கும் இதே சொல்தான்.

“அப்ப நான் தேய்ச்சதாலயா?”

“ஆமா அத்தை.”

மறுநாள் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறார். “கம்பி நாரை யாரு உள்ள விடச் சொன்னது?”

“நீங்கதானே சார் தூக்கிக் காட்டினீங்க?”

“பாட்டிலைத்தான் காட்டினேன். கம்பி நாரையா காட்டினேன்?”

அத்தை சுற்றிலும் பார்த்தாளாம். அன்று எல்லார் கையிலும் பிரஷ். யாரும் தலை நிமிரவில்லை. அன்றோடு அவளை நிறுத்திவிட்டார்கள்.

“நல்லாத் தேய்ச்சதுக்கு நிறுத்திட்டாங்கன்னா எவ நம்புவா? திருடினேன்னுதான் பேசுவாங்க” என்றாள் என்னிடம். “நீ சொன்ன வார்த்தையையே சொல்லிக்கிறேன்.”

பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டாள், “ஏம்மா, வேலைக்குப் போகல?”

“கருவாக்கம், பெரியம்மா.”

“ஐயையோ! தொத்துமா?”

“தொத்தாது” என்றாள் அத்தை. “ஒருத்தியோட நின்னுடும்.”