எதிரணிக்கு வந்த புது நெட்டையன்

தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள் லண்டன் ஹரோவில் பள்ளிக்கு ஓர் அணியாகக் கூடைப்பந்து ஆடுவார்கள். எங்கள் பக்கத்தில் சிவப்புக் கம்பளிக் குல்லா போட்ட அண்ணை ஒருவர், எதிரணி பந்தைத் தொட்டாலே ஊளையிடுவார்.

ஒருமுறை எதிரணி புதிதாக ஒரு நெட்டையனை இறக்கியது. எங்கள் ஆட்கள் பதறினார்கள்.

"உவன் எட்டாம் வகுப்போட நிண்டவன். பழைய மாணவன் எண்டு சேர்க்க ஏலாது!"

நானும் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணை எழும்பினார். "ஒரு நாள் படிச்சாலும் பழைய மாணவன்தான். விடுங்கோ, விளையாடட்டும்!"

நெட்டையன் விளையாடினான், நாங்கள் தோற்றோம். அண்ணை கடைசிவரை அவனைப் பார்த்து ஊளையிட்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் அண்ணை அவனுக்காகக் கதைச்சனீங்கள்?"

"அவனுக்காக ஆர் கதைச்சது?" என்று சிரித்துவிட்டு ரயிலுக்கு நடந்தார்.

எனக்காகக் கதைத்தாரா, இல்லை அவரும் எட்டாம் வகுப்போடு நின்றவரா என்று இன்றுவரை தெரியவில்லை.